கதுங்கேயின் சோளமும் ஓடைச் சிறுத்தையும்

செத்துப்போன புருஷனின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு கதுங்கே சோளக்கொல்லைக்குப் போன அன்று ஊரே சிரித்தது. குரங்குகள் சிரிக்கவில்லை. அவை நம்பிவிட்டன. மலையிலிருந்து இறங்கிய கூட்டம் கள்ளி வேலி வரைக்கும் வந்தது. கால்சட்டை, கிழிந்த கோட்டு, தொப்பி எல்லாவற்றையும் பார்த்தது. ஆண்பிள்ளை ஒருவன் நிற்கிறான் என்று எண்ணித் திரும்பிப் போய்விட்டது.

அந்த நாய்மூஞ்சிக் குரங்குகளுக்கு ஆண் யார், பெண் யார் என்று நன்றாகத் தெரியும். ஆண் கையை ஓங்கினாலே போதும், ஓட்டம் பிடிக்கும். பெண் கல்லை எடுத்து எறிந்தாலும், கல் விழுந்த இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தின்கிறதைத் தின்னும். கூட்டத்துக்குப் பெரியது காது கிழிந்த ஒரு கிழட்டுக் கடுவன். கதுங்கே அதற்கு 'சீஃப்' என்று பெயர் வைத்திருந்தாள். சர்க்கார் வைத்த சீஃபைப் போலவே அதுவும் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் மற்றவர்களை விடும் என்பாள்.

சில நாள் கழித்து அந்தச் சீஃப் வரப்பில் உட்கார்ந்து அவளையே உற்றுப் பார்த்தது. அவள் "ஹோய்!" என்று கத்தினாள். குரலைக் கேட்டதும் அதற்கு விளங்கிவிட்டது. காலை அகட்டி உட்கார்ந்து, ஆண் என்றால் என்னவென்று அவளுக்குக் காட்டியது. பிறகு நிதானமாகப் போய்ச் சோளத்தை ஒடித்தது.

"ஒருத்தனோட ஆயுசு பூரா குடும்பம் நடத்திட்டேன். நீ காட்டித்தான் எனக்குத் தெரியணுமாக்கும்!" என்று கதுங்கே கல்லை விட்டெறிந்தாள். கல் அதன் மேல் படவில்லை.

இது போன மழைக்காலத்தில் நடந்தது. அந்த மழையிலும் அதற்கு முந்திய மழையிலும் அவள் கைக்கு வந்த சோளம் விதைக்கே காணவில்லை. இந்த மழையும் போய்விட்டால் வீட்டை அடைத்துவிட்டு மகள் கவாத்தாவிடம் போக வேண்டியதுதான். பெற்றதில் தங்கியது அந்த ஒரு பெண்.

மகள் வீட்டுக்குப் போவதில் என்ன கஷ்டம் என்று கேட்கிறவர்கள் கம்பா சனத்தில் பிறக்காதவர்கள். மருமகன் எதிரே வந்தால் மாமியார் பாதையை விட்டு இறங்கிப் புதர் மறைவில் நிற்க வேண்டும். அவன் சாப்பிடுவதை அவள் பார்க்கக் கூடாது. அவன் படுக்கிற கூரைக்குக் கீழே அவள் படுக்கவே கூடாது. கவாத்தாவுக்கோ சிமென்ட் ஆலை ஊரில் ஒரே ஒரு தகர அறை. கட்டில், அடுப்பு, குழந்தைகள், மருமகன் எல்லாம் அதற்குள்தான். அவன் குறட்டையைக் கேட்டுக்கொண்டு அந்த அறையில் படுப்பதைவிட மலையேறிக் குரங்கோடு படுக்கலாம் என்று கதுங்கே சொல்லியிருக்கிறாள். மருமகன் நல்ல பையன். அதனால் வெட்கம் இன்னும் கூடுதல்.

குரங்குகள் ஒரு காலத்தில் இப்படிக் கீழே இறங்கியதில்லை. மலையிலேயே பிறந்து, மலையிலேயே அத்திப்பழம் தின்று, மலையிலேயே சாகும்.

அவளுடைய புருஷன் முத்தெங்கி கண்ணி வைப்பதில் கெட்டிக்காரன். வேறெதிலும் கெட்டிக்காரன் இல்லை. மழை அடுத்தடுத்துப் பொய்த்த ஒரு பஞ்சத்தில் அவன் மலையடி முழுக்கக் கம்பிக் கண்ணி வைத்தான். சிறுமான் விழுந்தது, பாறை முயல் விழுந்தது, கினிக்கோழி விழுந்தது. கதுங்கேயின் பானையில் கறி கொதித்தது. மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. ஊரில் எல்லார் பானையிலும் அந்த மலைதான் கொதித்தது. பஞ்சம் முடிவதற்குள் மலை காலியாகிவிட்டது.

மலையில் ஒரு சிறுத்தை இருந்தது. மானும் முயலும் அதன் சாப்பாடு. அதை இவர்கள் தின்றுவிட்டால் அது எதைத் தின்னும்? ஆட்டுப்பட்டிக்கு வந்தது. கதுங்கேயின் ஆடுகளில் பாதியைக் கொண்டுபோனது. முத்தெங்கிக்குத் தம்பி முறையாகும் கிதோங்கா அப்போது நல்ல வில்லாளி. நஞ்சு தடவிய அம்பால் அதை அடித்துச் சாய்த்தான். கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் விசில் ஊதி, தோளைக் குலுக்கி ஆடினார்கள். முன்வரிசையில் ஆடியவள் கதுங்கே.

அந்த ஆட்டத்தின் பலன் உடனே தெரியவில்லை. சில வருஷம் போயிற்று. பாறை இடுக்கிலிருந்து குரங்குக் குட்டியைப் பிடுங்கிக்கொண்டு போக யாரும் இல்லாததால் பிறந்த குட்டியெல்லாம் பிழைத்தது. பிழைத்ததெல்லாம் குட்டி போட்டது. மலையின் அத்திமரங்கள் அவற்றுக்குப் போதவில்லை. முதலில் மாமரங்களுக்கு வந்தன. பிறகு தட்டைப்பயறு, பிறகு சோளம். ஒரு நாள் பட்டப்பகலில் ஒரு கடுவன் கிதோங்காவின் ஆட்டுக்குட்டியைப் பிடித்து உயிரோடு வயிற்றைக் கிழித்தது. சிறுத்தையாவது கழுத்தைக் கடித்துக் கொன்றுவிட்டுத்தான் தின்னும்.

கானுயிர் ஆபீஸ்காரர்கள் வண்டியில் வந்தார்கள். சிறுத்தையைக் கொன்றால் ஜெயில், குரங்கைக் கொல்லவும் அனுமதி வேண்டும் என்றார்கள். படம் பிடித்துக்கொண்டு போனார்கள். முத்தெங்கி வயிறு வீங்கிச் செத்துப்போனான். அவன் விட்டுப்போனதில் உருப்படியாக இருந்தது கால்சட்டை ஒன்றுதான்.

இந்த மழை நன்றாகப் பெய்தது. கதுங்கே விதைத்தாள். முளை விட்டதும் குரங்குகள் வந்து முளையைப் பிடுங்கி அடியில் இருந்த விதையைத் தின்றன. அவள் மறுபடி விதைத்தாள். கால்சட்டையோடு விடியலில் போய் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை தகரத்தைத் தட்டினாள். ஒன்றுக்குப் போக எழுந்தால்கூட வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தலை தெரியும்.

ஒரு சாயங்காலம் மலையில் குரங்குகள் ஒரே கூச்சல் போட்டன. வழக்கமான சண்டைக் கூச்சல் இல்லை. நாய் குரைப்பது போல விட்டு விட்டு, எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக் கத்தின. மறுநாள் அவள் கொல்லைக்கு ஒன்றுகூட வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மேலே இருக்கும் ஓடையில் நீர் கசிகிற குழிக்குச் சுரைக்குடுக்கையோடு போனாள். ஈர மணலில் காலடி பதிந்திருந்தது. நாயின் காலடி என்றால் நகம் தெரியும். இதில் நகம் இல்லை. அவள் கையை விரித்து அதன் மேல் வைத்துப் பார்த்தாள்.

எங்கிருந்து வந்ததோ தெரியாது. மலை முழுக்கக் குரங்குக் கறி நிறைந்து கிடக்கிறது என்று எந்தக் காற்று அதற்குச் சொன்னதோ.

"வந்துட்டியா?" என்றாள் ஓடையைப் பார்த்து. "இரு. நான் உன்னைப் பாக்கலை."

ஒரு கிளையை ஒடித்து மணலைப் பெருக்கிவிட்டாள். அன்றிலிருந்து காலையில் முதல் வேலை அதுதான். ஆடுகளைப் பட்டியில் விடாமல் வீட்டுக்குள்ளே கட்டி, புழுக்கை நாற்றத்தில் தானும் படுத்தாள். அப்படியும் ஒரு நாள் மேயப் போன கிடாக்குட்டி திரும்பவில்லை. வேலியோரம் கொஞ்சம் மயிரும் ரத்தமும் கிடந்தன. காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். காவல்காரனுக்குக் கூலி வேண்டாமா என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

சோளம் முழங்காலைத் தாண்டியது, மார்பைத் தாண்டியது, பூட்டை விட்டது. இடையில் விதைத்த துவரையும் கிளை விட்டது. கதுங்கே கால்சட்டையைத் துவைத்து மடித்து வைத்தாள். மத்தியானத்தில் வீட்டுக்குப் போய்த் தூங்கக்கூடச் செய்தாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள். குரங்கு வராத கொல்லையிலும் குரங்கு வருகிறாற்போல உட்கார்ந்து கத்தியிருக்க வேண்டும்.

கமேனேயின் கொல்லை மலையின் அந்தப் பக்கத்துச் சரிவில் இருந்தது. கமேனே கதுங்கேயைவிட இளையவள், வாய் மட்டும் மூத்தது. ஆற்று மணலில் தோண்டிய ஊற்றில் இருவரும் தண்ணீர் மொள்ளும்போது ஆரம்பித்தாள்.

"என்ன கவாத்தாம்மா, கால்சட்டையைக் காணோம்? முத்தெங்கி வந்து திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாரா?"

"துவைச்சுக் காயப்போட்டிருக்கேன்."

"இத்தனை நாளாவா காயுது? அது என்ன, யானைத் தோல்ல தைச்ச கால்சட்டையா?"

கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். கமேனே சிரிக்கவில்லை.

"என் கொல்லையில நான் தொண்டை கிழியக் கத்துறேன். எம்புருஷன் கத்துறான். நாய் கத்துது. முன்னெல்லாம் நாலு குரங்கு வந்தா இப்ப மொத்தக் கூட்டமும் எங்கிட்டத்தான் வருது. உன் கொல்லையில ஈ காக்கா இல்லை. எந்த மந்திரக்காரன்கிட்டப் போனே?"

"மந்திரக்காரனுக்குக் குடுக்க எங்கிட்ட என்னடி இருக்கு? இந்தக் கோவணத் துணியா?"

"அதுக்கு மயங்குற கிழவனும் இருப்பான். சொல்லு, உங்கிட்டயிருந்து ஓட்டிவிட்டா அதுங்க எங்க போகும்? உன் வீட்டுக் குப்பையை எடுத்து எம் வாசல்ல கொட்டிட்டு, உன் வீடு சுத்தமா இருக்குன்னு தூங்குறே. மத்தியானத்துல!"

கதுங்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மத்தியானத் தூக்கம் வரைக்கும் தெரிந்திருக்கிறது. முதுகுக்குப் பின்னால் யாரோ அந்த வார்த்தையைச் சொன்னார்கள். சூனியக்காரி. இந்தப் பக்கத்தில் அந்த வார்த்தை ஒருத்தி மேல் ஒட்டினால், அவள் வீட்டுக் கூரையில் நெருப்பு ஒட்டுவதற்கு அதிக நாள் ஆகாது.

இங்கே தனியாளாக யாரும் களை வெட்டுவதில்லை, வரப்பு கட்டுவதில்லை. கூட்டாள் முறை. இன்று உன் கொல்லை, நாளை என் கொல்லை. வேலை யார் நிலத்தில் நடக்கிறதோ அந்த வீடு எல்லாருக்கும் ஆக்கிப்போட வேண்டும். கதுங்கேயின் முறை வந்தது. பெரிய பானையில் சோளமும் பயறும் போட்டு விடியலிலிருந்து வேகவைத்தாள். கொழுப்பு கொஞ்சம் வாங்கி வந்து தாளித்திருந்தாள். பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. ஒருவரும் வரவில்லை. பானை ஆறியது. கிதோங்காவின் வீட்டுக்காரி தூரத்தில் போனவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பயறைக் கதுங்கே நாள்கணக்கில் தின்றாள். புளித்த பிறகு ஆட்டுக்குப் போட்டாள். களையைத் தனியாக வெட்டினாள். வெட்டி முடிக்கிற இடத்துக்கு வருமுன் தொடங்கிய இடத்தில் மறுபடி முளைத்தது.

கூட்டாளுக்குத் தலைவன் கிதோங்காதான். இப்போது கண் மங்கி, வில்லைப் பரணில் போட்டுவிட்டான். ஒரு நாள் அவனே வந்தான். வீட்டுக்குள் வராமல் வேலிக்கு வெளியே நின்றான்.

"அண்ணி, பெரியவங்க கூடுறாங்க. நீங்க வரணும். சத்தியக் கொம்பு கொண்டு வர்றாங்க."

"உங்க அண்ணன் இருந்தா இந்த வேலிக்கு வெளியே நின்னு பேசுவியா தம்பி?"

"அண்ணன் இருந்தா அவரு சோளத்துக்குக் காவல் இருந்திருக்க மாட்டாரு. ரெண்டு பேரும் சாராயம் குடிக்கப் போயிருப்போம்." அவன் தரையைப் பார்த்தான். "கொம்பை நான் உங்களுக்காகத்தான் கேட்டேன் அண்ணி. கொம்பைத் தாண்டிட்டீங்கன்னா அப்புறம் ஒரு நாயும் பேசாது."

சத்தியக் கொம்பு என்றால் கம்பா சனத்தில் சிங்கத்துக்கு அஞ்சாதவனும் அஞ்சுவான். அதைத் தாண்டிப் பொய் சொன்னவனைக் கொம்பு உடனே தொடாது. அவன் பெற்றதை முதலில் எடுக்கும், பிறகு பெற்றது பெற்றதை. கடைசியில்தான் அவன். கதுங்கேயிடம் மந்திரம் இல்லை, மாயம் இல்லை. தாண்டிவிடலாம் என்றுதான் போனாள்.

ஊர் மரத்தடியில் எல்லாரும் இருந்தார்கள். கொம்பைத் தரையில் வைத்திருந்தார்கள். கிதோங்கா சொன்னான்: "அண்ணி, குரங்கு உங்க கொல்லைக்கு வராததுக்குக் காரணம் எனக்குத் தெரியாது, நான் ஊருக்கு எதையும் மறைக்கலை, இதைச் சொல்லிட்டுத் தாண்டுங்க."

அவள் ஒரு காலைத் தூக்கினாள். சொல்ல வாயையும் திறந்தாள். கவாத்தா ஞாபகம் வந்தது. கவாத்தாவின் குழந்தைகள் ஞாபகம் வந்தது. காலைக் கீழே வைத்தாள்.

"சிறுத்தை" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"ஓடையில ஒரு சிறுத்தை இருக்கு. நான் ரெண்டாந்தரம் விதைச்சதுலருந்து இருக்கு. அதான் குரங்கு இந்தப் பக்கம் வர்றதில்லை."

முதலில் சிரித்தவள் கமேனே. "இதைவிட நல்ல பொய் கெடைக்கலியா?"

"போய்ப் பாரு. இன்னைக்கு மணலைப் பெருக்கலை."

இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்கள் நடந்து வந்த விதத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கமேனேயின் முகம் மாறியது. குரல் தணிந்தது.

"என் பேத்தி அந்த ஓடையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போறா. தெனம் உன் வேலி வழியாத்தான் போறா. நீ சிரிச்சுக்கிட்டே கையைக் காட்டி அனுப்புவே. உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

அந்தப் பிள்ளையைப் பற்றிக் கதுங்கே நினைக்காமல் இல்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் நினைத்தாள். பிள்ளை ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் ஏறும்வரை கண்ணை எடுக்காமல் நின்றாள். பார்த்துக்கொண்டு நின்றதால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

"அது ஆளைத் தொடாதுடி" என்றாள். "மலையில குரங்கு மண்டிக் கெடக்கு. அதுக்கு வயிறு நிறையுது. வயிறு காஞ்சாத்தான் அது கீழ பாக்கும். போன தடவை மானையும் முயலையும் நாம தின்னோம், அது ஆட்டுக்கு வந்துச்சு. அதைக் கொன்னோம், குரங்கு வந்துச்சு. இதையும் கொன்னீங்கன்னா அப்புறம் குரங்குக்கு யாருடி இருக்கா? நீயும் நானும் கால்சட்டை மாட்டிக்கிட்டு நிக்கணும்."

"போன தடவை நீதானே முன்னால நின்னு ஆடினே?"

"ஆடினேன். ஆடின காலுக்குத்தான் கால்சட்டை மாட்ட வேண்டி வந்துச்சு."

ஒருவன் சிரித்தான். கிதோங்கா அவனை முறைத்தான்.

கதுங்கே அவன் பக்கம் திரும்பினாள். "தம்பி, நான் சாமியா கும்பிடச் சொல்லலை. சோளம் முத்தட்டும். பாலு கட்ட ஆரம்பிச்சிருக்கு. அறுத்து வீட்ல போட்டதும் நானே கூட்டிக்கிட்டுப் போய் அது படுக்குற எடத்தைக் காட்டுறேன். அதுவரைக்கும் பொறுங்க. வேற ஒண்ணும் கேக்கலை."

கிதோங்கா யோசித்தான். கொஞ்சம் இரங்கியிருப்பான் என்றுதான் தோன்றியது. கமேனே குறுக்கே வந்தாள்.

"உன் சோளம் முத்துறதுக்காக என் சோளம் போகணுமா? அது குரங்கைத் தின்னு தீத்துச்சா? எங்கிட்ட தள்ளிவிட்டுச்சு. உனக்குக் காவல், எனக்குக் கொள்ளை. எம்பேத்திக்கு எமன்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. கமேனேயின் இடத்தில் இருந்தால் கதுங்கேயும் அதைத்தான் சொல்லியிருப்பாள், இன்னும் கெட்ட வார்த்தையில் சொல்லியிருப்பாள். பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். கூட்டாள் வேலையாக ஆட்டுக்கறியில் மருந்து வைத்து அதை முடித்துவிடுவது, கானுயிர் ஆபீசுக்குத் தெரியாமல் புதைத்துவிடுவது என்று முடிவாயிற்று.

கிளம்பும்போது கிதோங்கா அவள் பக்கத்தில் வந்தான். சொல்ல வந்ததை விழுங்கி விழுங்கிச் சொன்னான்.

"அண்ணி, ஓடை உங்க நிலத்துல சேந்தது. வேலை உங்க நிலத்துல. ஆக்கிப்போட வேண்டியது..."

"நான்தான். தெரியும். ஆடு?"

"ஆடும் உங்களுதுதான். முறை அப்படித்தானே."

"கத்தியாவது யாராவது குடுப்பீங்களா, இல்லை அதுவும் என்னுதா?"

அவளை இப்போது யாரும் சூனியக்காரி என்று சொல்லவில்லை. கூட்டாளில் அவள் பழையபடி ஓர் ஆள். அதனால்தான் மறுக்க வழியில்லாமல் போயிற்று. மறுத்தால் இனி அவள் கொல்லையில் ஒருவன் மண்வெட்டி வைக்க மாட்டான்.

அன்று எல்லாரும் வந்தார்கள். களைக்கு வராதவர்கள், உடம்பு சரியில்லாதவர்கள், வெளியூர் போயிருந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். கதுங்கே மறுபடி பெரிய பானையை ஏற்றினாள். தன் வெள்ளாட்டின் காலைத் தானே பிடித்துக்கொண்டாள். அறுத்து முடித்ததும் கிதோங்கா அதன் இறைச்சியைக் கீறிக் கீறி, மாமரத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தை ஊற்றினான். அம்பு எய்த கை மருந்துப் புட்டியின் மூடியைத் திருகத் தடுமாறியது. இளவட்டங்கள் அதைக் கொண்டுபோய் ஓடையில் போட்டுவிட்டு வந்தார்கள்.

பிறகு காத்திருக்க வேண்டியதுதான். வெறுமனே எப்படி உட்கார்ந்திருப்பது என்று பெண்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவள் கொல்லையில் இறங்கினார்கள். விட்டுப்போன களை முழுவதையும் வெட்டித் தள்ளினார்கள். கமேனேதான் எல்லாருக்கும் முந்தி வெட்டினாள்.

"நல்ல சோளம் கவாத்தாம்மா" என்றாள், நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு. நிஜமாகவே சொன்னாள்.

"ஆமாம். பாத்துக்கோ" என்றாள் கதுங்கே.

மறுநாள் அது நீர்க்குழிக்குப் பக்கத்தில் கிடந்தது. மருந்து குடலை எரித்திருக்கும், தண்ணீருக்கு வந்திருக்கிறது. வாயில் நுரை. சுற்றிலும் மணலை நகத்தால் கீறிப் பள்ளமாக்கியிருந்தது. நகம் இல்லாத காலடி என்று நினைத்தோமே, எத்தனை நகம் என்று கதுங்கே பார்த்தாள். இளம்பெட்டை. நாயைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

"இவ்வளவுதானா?" என்றாள் கமேனே.

கிதோங்கா பழைய வேட்டைப் பாட்டின் முதல் அடியை எடுத்தான். யாரும் பின்பாட்டுப் பாடவில்லை. தொண்டையைக் கனைத்து நிறுத்திக்கொண்டான். தோலையாவது கொடு, கொல்லையில் கம்பு நட்டுப் போர்த்தி வைக்கிறேன் என்று கதுங்கே கேட்டாள். ஆபீஸ்காரர்கள் பார்த்தால் எல்லாருக்கும் கைவிலங்கு என்று சொல்லிவிட்டார்கள். குழி தோண்டிப் போட்டுக் கல்லை அடுக்கினார்கள்.

குரங்குகளுக்கு அது போய்விட்டது உடனே தெரியவில்லை. சில நாள் வரவில்லை. வாசனை இருக்கிறது போலும், சோளம் முத்தும்வரை அந்த வாசனை நின்றால் போதும் என்று கதுங்கே நினைத்தாள். விடியலில் நகத்தால் ஒரு மணியைக் கிள்ளிப் பார்ப்பாள். பால் தெறிக்கும். இன்னும் மாவாகவில்லை. கால்சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

முதலில் சீஃப் வந்தது. தனியாக. ஓடைக் கரையில் அடுக்கிய கல்லின் மேல் ஏறி உட்கார்ந்தது. அங்கும் இங்கும் பார்த்தது. கல்லை மோந்தது. பிறகு ஓடையில் இறங்கி, நீர்க்குழியில் நிதானமாகத் தண்ணீர் குடித்தது. எதுவும் அதன் மேல் பாயவில்லை. அன்று அது சோளத்தைத் தொடாமலே போயிற்று. கதுங்கே தகரத்தைத் தேடி எடுத்து வைத்தாள்.

மறுநாள் கூட்டம் வந்தது. முதுகில் குட்டி, வயிற்றில் குட்டி.

கமேனே நன்றிகெட்டவள் இல்லை. தன் புருஷனையும் தகரத்தையும் எடுத்துக்கொண்டு வந்து கூட நின்று கத்தினாள். கூட்டாளிலிருந்து ஆண்கள் முறை போட்டு வந்தார்கள். ஆண்கள் இருக்கிற பக்கம் குரங்குகள் வரவில்லை, மறுபக்கம் வந்தன. இரண்டாம் நாள் கமேனேயின் நாய் ஊளையிட்டது கேட்டது. குரங்குகள் இப்போது இரண்டு கூட்டமாகப் பிரியும் அளவுக்குப் பெருத்திருந்தன. ஒரு பாதி இங்கே, மறு பாதி கமேனேயின் கொல்லையில்.

"போடி, போ. உன்னுதைப் பாரு" என்றாள் கதுங்கே.

கமேனே ஓடினாள். கூட்டாளும் கலைந்தது. அவரவர்க்குக் கொல்லை இருக்கிறது, அவரவர்க்குக் குரங்கும் இருக்கிறது.

மத்தியானம் கவாத்தா போன் பண்ணினாள்.

"எப்படிம்மா இருக்கு சோளம்?"

"இருக்கு. தின்னுக்கிட்டு இருக்காங்க."

கவாத்தா மெதுவாகச் சொன்னாள். "அவரே சொன்னாரும்மா. நடுவுல ஒரு துணி கட்டிடலாம்னு. நீ அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம்."

"மெல்லிசுத் துணியா இருந்தா விளக்கு வெளிச்சத்துல நெழல் தெரியும்டி."

"தடிப்பா பாக்குறோம்மா."

"அவன் சாப்பிடுறப்போ?"

"நீ வெளிய உக்காந்துக்கோ. அவரு சாப்பிட்டதும் நான் கூப்பிடுறேன்."

கதுங்கே போனை வைத்தாள். கூடையை எடுத்துக்கொண்டு கொல்லையில் இறங்கி, பச்சைக் கதிரை ஒடிக்கத் தொடங்கினாள். பால் சோளம் காயாது, நிற்காது. சுட்டுத் தின்றால் சில நாள், அவ்வளவுதான். ஆனாலும் ஒடித்தாள். அந்தக் கோடியிலிருந்து சீஃப் ஒடித்துக்கொண்டு வந்தது. அவள் கத்தவில்லை. அதுவும் அவளை லட்சியம் பண்ணவில்லை. ஒவ்வொரு மட்டையாக உரித்து, குஞ்சத்தை எடுத்துப் போட்டு, சுத்தமாகத் தின்றது. அவளைவிட அதற்குக் கை வேகம்.

கூடை நிறைந்தபோது அவள் வரப்பில் உட்கார்ந்து, பாவாடைக்கு மேல் மாட்டியிருந்த கால்சட்டையைக் கழற்றினாள். கோட்டையும் கழற்றினாள். முத்தெங்கி போட்டுத் தேய்ந்தது என்றாலும் தடித்த துணி, விளக்கைப் பிடித்தாலும் நிழல் தெரியாது. தையலைப் பிரித்து இரண்டையும் சேர்த்துத் தைத்தால் கவாத்தாவின் அறைக்குக் குறுக்கே கட்டலாம். அறையின் அகலத்தை மனசில் வைத்துக்கொண்டு, துணியை மடியில் பரப்பி முழம் போட்டுப் பார்த்தாள். மறுபடி போட்டுப் பார்த்தாள்.

ஒரு முழம் குறைந்தது.